ஏலியன் வந்தால் போதுமா?

(தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியில், தமிழ்த் திரைப்பட ஆர்வலர்கள் கூடிய மாலை ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வந்திருப்பவர்களுக்கு இரட்டை வணக்கம். சுருக்கமாகப் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. அதனால் இன்று அந்த வாக்குறுதியே கிடையாது. மின்வெட்டு வந்தால் தானாக நின்றுவிடுவேன்.

இந்த மாதம் சயின்ஸ் ஃபிக்‌ஷன் படங்கள் போடலாம் என்று அறிவித்ததும் நம் வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் குவிந்தது. எந்திரன் வந்தது, ஸ்டார் வார்ஸ் வந்தது. அண்ணன் ஒருவர் 'மாயா பஜார்' என்று போட்டார். சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக விழுந்தன, நானும் ஒன்று போட்டேன். அப்புறம் உட்கார்ந்து யோசித்தால், அண்ணன் கேட்டது லேசான கேள்வி இல்லை.

மாயா பஜார் 1957இல் வந்தது. கே. வி. ரெட்டி தெலுங்கிலும் தமிழிலுமாக எடுத்தார். அதில் கண்ணன் ஒரு பெட்டி கொடுப்பான். அதைத் திறந்து பார்ப்பவருக்கு, தனக்கு மிகவும் பிரியமானது எதுவோ அது தெரியும். வத்சலா திறந்தால் எங்கோ இருக்கும் அபிமன்யு தெரிவான், இருவரும் அதன் வழியாகவே பாடுவார்கள். மூடியைத் தூக்கினால் திரை, திரையில் காதலன் முகம். இன்று நம் பிள்ளைகள் மடியில் வைத்திருக்கும் லேப்டாப்புக்கும் அதற்கும் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. அப்படியானால் இதை ஏன் அறிவியல் புனைவு என்று நாம் சொல்வதில்லை?

படத்தில் ஒருவரும் அந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று கேட்பதில்லை, அதனால்தான். எத்தனை காதம் எட்டும், ஒரே நேரத்தில் இரண்டு பேர் பார்த்தால் யாருடைய பிரியம் தெரியும், இதுபோல இன்னொன்று செய்ய முடியுமா என்றெல்லாம் யாரும் தலையைப் போட்டு உடைத்துக்கொள்ளவில்லை. கண்ணன் கொடுத்தான், வேலை செய்கிறது, அவ்வளவுதான். அந்தப் படத்துக்கு அது குறையும் இல்லை. ஆனால் அதே பெட்டியை எடுத்து, அரண்மனைத் தச்சன் ஒருவன் ராத்திரியோடு ராத்திரியாகக் கழற்றிப் பார்ப்பதாக ஒரு காட்சி வைத்துப் பாருங்கள். படம் அந்த நிமிடமே வேறு வகைக்குப் போய்விடும்.

என் வரையறை இங்கிருந்துதான் கிளம்புகிறது. நம் உலகத்தில் இல்லாத ஒன்று படத்துக்குள் வருகிறது. படத்தில் இருப்பவர்கள் அதைக் கும்பிட்டுவிட்டுப் போகாமல் சோதித்துப் பார்க்கிறார்கள். அந்தச் சோதனையில் ஒரு விதி பிடிபடுகிறது. பிடிபட்ட விதிக்குப் பாத்திரங்கள் மட்டுமல்ல, இயக்குநரும் கடைசி ரீல்வரை கட்டுப்படுகிறார். இப்படி நடந்தால் அது அறிவியல் புனைவுப் படம். ராக்கெட், ரோபோ, பச்சை நிற விளக்கெல்லாம் வெறும் உடுப்பு.

படித்தவர்கள் வேறு வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் படங்களின் உண்மையான விஷயம் அறிவியல் அல்ல, பேரழிவுதான் என்று சூசன் சோன்டாக் 1965இல் எழுதினார். டார்கோ சுவின், பழகிய உலகம் அந்நியமாகத் தெரிய வேண்டும், ஆனால் அது காரண அறிவோடு தெரிய வேண்டும் என்றார். விவியன் சொப்சாக் கொஞ்சம் துணிச்சல்காரர். மாயமும் மதமும்கூடக் குறைந்த அளவில் இந்த வகைக்குள் இருக்கத்தான் செய்கின்றன என்று வரையறையிலேயே சேர்த்துவிட்டார். எனக்கு அவரைப் பிடிக்கும், ஏனென்றால் இந்த வகையின் பிறப்பே அப்படித்தான்.

1902ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜார்ஜ் மெலியஸ் நிலாவுக்குப் போகும் படம் எடுக்கிறார். பீரங்கியால் சுட்ட குண்டு நிலாவின் கண்ணில் போய்க் குத்தி நிற்கும் அந்தப் படத்தைப் பார்க்காதவர் குறைவு. ஆனால் அதன் முதல் காட்சியை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. வானியல் அறிஞர்கள் கூடியிருக்கிறார்கள், உடம்பில் மந்திரவாதி அங்கி, தலையில் கூம்புத் தொப்பி. வாக்குவாதம் முடிந்து பயணம் என்று முடிவானதும் அங்கியைக் கழற்றிவிட்டுச் சாதாரண கோட்டு மாட்டிக்கொள்கிறார்கள். மெலியஸ் தொழிலால் மேடை மந்திரவாதி, பாரிஸில் சொந்தமாக மாயாஜால அரங்கு வைத்திருந்தவர். அந்த உடை மாற்றத்தைச் சும்மா செய்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. சரி, நிலாவில் இறங்கியதும் குடை காளானாக மாறுகிறது, நிலாவாசியைக் குடையால் தட்டினால் புகையாகப் போகிறான். கோட்டு மாட்டினாலும் பழைய தொழில் விடவில்லை.

1931இல் ஒரே ஸ்டுடியோ, யுனிவர்சல், டிராகுலாவையும் ஃபிராங்கன்ஸ்டைனையும் எடுத்தது. இரண்டுமே பயமுறுத்தும் படம்தான். முதலாவதைச் சிலுவையைக் காட்டித் தடுக்கலாம். இரண்டாவது ஆய்வுக்கூடத்தில் மின்சாரம் பாய்ச்சி எழுப்பப்பட்டது, அதைச் செய்தவன் பதில் சொல்லியே ஆக வேண்டும். எது அறிவியல் புனைவு என்பதில் சந்தேகமே இல்லை.

இதற்குப் பணம் வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக ஒன்று. 1962இல் கிறிஸ் மார்க்கர் 28 நிமிடத்தில் ஒரு காலப்பயணப் படம் எடுத்தார். கிட்டத்தட்ட முழுவதும் அசையாத புகைப்படங்கள். கால இயந்திரம் என்று ஒன்றும் கிடையாது. ஒருவனைப் படுக்க வைத்து, கண்ணைக் கட்டி, ஊசி போடுகிறார்கள். மறுபடி மறுபடி போடுகிறார்கள், ஒவ்வொரு தடவையும் அவன் சற்றுத் தூரம் கூடுதலாகப் போகிறான். அந்தத் 'தடவைகள்'தான் அதை அறிவியல் புனைவாக்குகின்றன.

இப்போது நம் படங்களுக்கு வருவோம். 1963இல் எம்.ஜி.ஆர். நடித்த கலைஅரசியில் வேற்றுக் கிரகத்துக்காரர்கள் வந்துவிட்டார்கள். அவர்கள் அறிவியலில் பெரிய ஆட்கள், ஆனால் கலை கிடையாது. அதனால் பாட்டுப் பாடும் பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த கற்பனை இது. உலகத்தில் வேறு எந்த மொழிக்காரர்களுக்கும் ஏலியன் பாட்டு வாத்தியார் தேடி வருவான் என்று தோன்றியிருக்காது. ஆனால் அங்கே போனபின் படம் நமக்குப் பழகிய ராஜா ராணிக் கதையின் நடையிலேயே போகிறது.

எந்திரன் 2010. அதில் தீ விபத்துக் காட்சி நினைவிருக்கிறதா? சிட்டி ஒவ்வொருவராகக் காப்பாற்றிக் கொண்டுவருகிறது. குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை அப்படியே தூக்கிக் கூட்டத்தின் நடுவே, கேமராக்களின் முன்னே கொண்டுவந்து நிறுத்துகிறது. அந்தப் பெண் கூசிப்போய் ஓடி, லாரியில் அடிபட்டுச் செத்துப்போகிறாள். ரோபோவைப் பொறுத்தவரை உயிரைக் காப்பாற்றியாகிவிட்டது, கணக்கு சரி. வெட்கம் என்ற ஒன்று அதன் கணக்கிலேயே இல்லை. அந்த ஐந்து நிமிடம் உலகத் தரத்து அறிவியல் புனைவு என்று எந்த மேடையிலும் சொல்வேன். கடைசியில் நூற்றுக்கணக்கான சிட்டிகள் சேர்ந்து பந்தாகவும் பாம்பாகவும் மாறும்போது நான் கைதட்டினேன், மறுக்கவில்லை. ஆனால் அது திருவிழா வாணவேடிக்கைக்குத் தட்டிய கை.

இன்று நேற்று நாளை, 2015. இரண்டு வேலையற்ற நண்பர்கள் கையில் எதிர்காலத்துக் கால இயந்திரம் கிடைக்கிறது. என்ன செய்கிறார்கள்? தொலைந்துபோன பொருளைக் கண்டுபிடித்துச் சொல்லும் ஜோசியக் கடை நடத்துகிறார்கள்! நம் ஆள் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வான். ஆனால் கடந்த காலத்தில் அவர்கள் கை பட்டதில் ஒரு இடம் பிசகி, செத்துப்போயிருக்க வேண்டிய ரவுடி உயிரோடு உலவுகிறான். விதி என்றால் விதி. இயக்குநர் ரவிகுமார் அதிலிருந்து தப்பிக்கக் குறுக்கு வழி தேடவில்லை.

மாநாடு என் வரையறையைக் கஷ்டப்படுத்தும் படம். 2021. ஒரே நாள் திரும்பத் திரும்ப வருகிறது. காரணம் என்ன என்றால், நாயகன் பிறந்தது உஜ்ஜைன் காலபைரவர் கோயிலில். அது சாமி கணக்கு. ஆனால் அவன் நடந்துகொள்ளும் விதத்தைப் பாருங்கள்: சாகிறான், திரும்புகிறான், ஒரே ஒரு விஷயத்தை மாற்றுகிறான், என்ன ஆகிறது என்று கவனிக்கிறான், மறுபடி சாகிறான். ஆய்வுக்கூடத்தில் இதைத்தானே செய்கிறார்கள்? மூலம் கோயிலாக இருக்கட்டும், நடத்தை அறிவியல். நான் அதை உள்ளே சேர்ப்பேன். மாயா பஜாரை வெளியே நிறுத்திவிட்டு மாநாட்டை உள்ளே விடுவது சிலருக்கு நியாயமாகப் படாது. இருக்கட்டும்.

இனி நம் நாட்டுப் படம். டிஸ்ட்ரிக்ட் 9. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த நீல் ப்ளோம்காம்ப் 2009இல் எடுத்தது. சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்றது. கதைப்படி 1982இல் ஒரு பிரம்மாண்டமான விண்கப்பல் வந்து ஜோகன்னஸ்பர்க் வானத்தில் நின்றுவிடுகிறது. உள்ளே படை இல்லை, பட்டினி கிடக்கும் கூட்டம். அவர்களை இறக்கித் தகரக் கொட்டகைகளில் வைக்கிறார்கள். வருடங்கள் போனபின் ஊர்க்காரர்கள் முணுமுணுக்க, தொலைவான இன்னொரு முகாமுக்கு மாற்ற உத்தரவு வருகிறது. அந்த வேலைக்குத் தலைமை, மாமனார் தயவில் பதவி கிடைத்த விக்கஸ் என்ற குமாஸ்தா.

அவன் கொட்டகை கொட்டகையாகக் கதவைத் தட்டி, காலி செய்யும் நோட்டீசில் கையெழுத்துக் கேட்கிறான். ஒரு ஏலியன் எரிச்சலில் அட்டையைத் தட்டிவிடுகிறது. தாளில் ஒரு கீறல் விழுகிறது. அதையே கையெழுத்தாகக் கணக்கு வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிறான்! இந்த அரங்கில் இதைப் பார்த்துச் சிரிக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். யார் எங்கே குடியிருக்கலாம் என்று இனவாரியாகப் பிரித்த 1950இன் குழுப் பகுதிச் சட்டம் கேப் டவுனில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸை 1966இல் வெள்ளையர் பகுதியாக்கி அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றியது. அதே சட்டம்தான் இதே டர்பனின் கேட்டோ மேனரில் தோட்டமும் கோயிலுமாக இருந்த நம் தாத்தா, ஆயாக்களை இந்தச் சாட்ஸ்வர்த்துக்குக் கொண்டுவந்தது. இங்கேயும் பகுதிகளுக்கு யூனிட் என்று எண்தான் போட்டார்கள்.

ஆனால் சரித்திரத்தை நினைவூட்டுவதால் மட்டும் அது அறிவியல் புனைவாகிவிடாது. அதை அறிவியல் புனைவாக்குவது படத்தில் உள்ள ஒரு விதி: ஏலியன்களின் ஆயுதங்கள் ஏலியன் உடம்பு தொட்டால்தான் சுடும். படம் முழுக்க இந்த ஒற்றை விதியில் ஓடுகிறது. ஆயுதக் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் ஏலியன்களை அறுத்துப் பார்க்கிறது. முகாமுக்குள் இருக்கும் ரவுடித் தலைவன், ஏலியன் மாமிசத்தைத் தின்றால் அந்தச் சக்தி தனக்கு வரும் என்று நம்பித் தின்கிறான். ஒருவனுக்கு விஞ்ஞானம், ஒருவனுக்கு மாந்திரீகம், ஆசை ஒன்று. இருவர் கைக்கும் ஆயுதம் சுடவில்லை. தற்செயலாக ஒரு திரவம் மேலே பட்டு உடம்பு மாற ஆரம்பிக்கும் விக்கஸின் கை தொட்டதும் சுடுகிறது. அந்த நொடியிலிருந்து அவன் மனிதனல்ல, சொத்து. மாமனாரே அவனை அறுக்கச் சம்மதிக்கிறார். வினோதமான பொருள் வந்தபின் அது யாருக்குச் சொந்தம் என்று உடனே சண்டை வருகிறதே, மாயா பஜார் பெட்டிக்கு நேராதது அதுதான்.

குறையும் சொல்லிவிடுகிறேன். கப்பலுக்கு எரிபொருளான திரவம் எப்படி மனித உடம்பை மாற்றும் என்று படம் வாய் திறப்பதில்லை, அங்கே கொஞ்சம் மந்திரம்தான். அதைவிடப் பெரிய குறை, அந்த ரவுடிகளை நைஜீரியர்கள் என்று காட்டியது. நைஜீரிய அரசு அங்கே படத்தை நிறுத்தச் சொன்னது. 2008 மே மாதம் இந்த நாட்டில் வெளிநாட்டவரைத் தாக்கி அறுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், அதற்கு அடுத்த ஆண்டு வந்த படம் இது. ஏலியனுக்காக நம்மைக் கண் கலங்க வைத்தவர், இன்னொரு ஆப்பிரிக்க நாட்டுக்காரனுக்கு அந்த இரக்கத்தை மிச்சம் வைக்கவில்லை.

ஸ்டார் வார்ஸ் பற்றிக் கேட்கக் கை தூக்கும் தம்பிக்கு: அது அருமையான ராஜகுமாரிக் கதை. வாளுக்குப் பல்ப் போட்டிருக்கிறார்கள். கோபித்துக்கொள்ளாதே, அடுத்த மாதம் தனியாகப் போடலாம்.

பின்வரிசையில் ஒரு பெரியவர் நல்ல கேள்வி ஒன்று கேட்டார். படத்தில் சொன்ன அறிவியல் பிறகு தப்பென்று தெரிந்துவிட்டால், அது இந்த வகையிலிருந்து விழுந்துவிடுமா என்று. விழாது. 1929இல் ஃபிரிட்ஸ் லாங் நிலாப் பயணப் படம் ஒன்று எடுத்தார். ராக்கெட் கிளம்பும் முன் எண்களைப் பின்னோக்கி எண்ணும் காட்சியை அதில் வைத்தார். பார்ப்பவர்களுக்குப் பரபரப்பு ஏற வேண்டும் என்பதற்காகச் செய்தது, இன்று நிஜ ராக்கெட்டுக்கும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். அதே படத்தில் நிலாவில் காற்று இருக்கிறது, ஹெல்மெட் இல்லாமல் நடக்கிறார்கள். ஆனால் அங்கே இறங்கியதும் ஒருவர் சும்மா மூச்சிழுத்துவிட்டுப் போகவில்லை. தீக்குச்சியைக் கொளுத்தி, எரிகிறதா என்று முதலில் பார்க்கிறார். எனக்கு அந்தத் தீக்குச்சி போதும். அடுத்த கேள்வி யாருக்கு இருக்கிறது? அக்கா, நீங்கள் கேளுங்கள்.