ஊழியம் நடக்குறது வீட்டுவாசல்லதான்

நடுவர் ஐயா அவர்களுக்கும், கோயில் அசனச் சாப்பாடு முடிச்ச கையோட வெயில் தாழ இங்க வந்து உக்காந்திருக்குற நம்ம சேகரத்து சபை மக்களுக்கும், எதிரணியில இருக்குற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் ஸ்தோத்திரம். ஒரு போதகரோட, அதான் நாம ஐயர்னு கூப்பிடுறவரோட, ஊழியம் உண்மையில நடக்குறது பிரசங்க பீடத்துலயா வீட்டுவாசல்லயா, இதான் தலைப்பு. நான் வீட்டுவாசல் பக்கம்.

எனக்கு முன்னாடி பேசுன அண்ணன் என்ன சொன்னாரு? விசுவாசம் கேள்வியினால வரும்னு பவுல் ரோமர் 10ல எழுதிட்டாரு, அதனால ஐயர் நல்லா பிரசங்கம் பண்ணா போதும், வீடு சந்திப்புங்கறது ஒரு காப்பி ஒரு ஜெபம் அவ்வளவுதான்னாரு. அண்ணே, அதே பவுல் எபேசு சபை மூப்பர்களை விட்டுப் பிரியும்போது என்ன பேசுனாருன்னு அப்போஸ்தலர் 20ஐ எடுத்துப் பாருங்க, வெளியரங்கமாவும் வீடுகள்தோறும் போதிச்சேங்கறாரு, மூணு வருஷம் ராத்திரி பகல்னு பாக்காம கண்ணீரோட அவனவனுக்குப் புத்தி சொன்னேங்கறாரு. அவனவனுக்கு! மொத்தமா ஒரு கூட்டத்துக்கு சொன்னேன்னு அவர் சொல்லல.

2020 மார்ச்ல ஊரடங்கு போட்டு கோயிலை எல்லாம் பூட்டுனாங்களே, ஞாபகம் இருக்கா? அப்ப பிரசங்கத்துக்கு என்ன பஞ்சம் வந்துச்சு? ஒரு பஞ்சமும் வரல, போனைத் திறந்தா யூடியூப்ல எந்த ஊர்ப் பிரசங்கியார் வேணுமோ அவர் வந்தாரு, எங்க அம்மா ஒரே ஞாயித்துக்கிழமை நாலு பிரசங்கம் கேட்டாங்க. ஆனா பக்கத்துத் தெருவுல ஒருத்தர் கொரோனாவுல இறந்து, உடம்பை பாலித்தீன் கவர்ல சுத்தி நேரா கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டு வந்தப்ப, சொந்தக்காரங்களே ரோட்டு முனையில நின்னுட்டாங்க, அந்தக் குழி பக்கத்துல கவச உடுப்போட நின்னு அடக்க ஆராதனை நடத்துனது யாரு? நம்ம ஐயர். எந்த யூடியூப் பிரசங்கியாரும் வரல, வரவும் முடியாது.

எங்க வீட்டுக் கதை ஒண்ணு சொல்றேன். எங்கப்பா கடைசி பதினோரு நாள் படுத்த படுக்கையா கெடந்தாரு, பேச்சு குறைஞ்சுபோச்சு. அப்ப இருந்த ஐயர் ஒருநாள் ராத்திரி பத்தரை மணிக்கு மூணு ஊர்ல ஆராதனை முடிச்சுட்டு செம்மண் புழுதி அப்புன பைக்கோட வந்தாரு, அப்பமும் ரசமும் கொடுக்குற திருவிருந்து பாத்திரம் வெச்ச சின்னப் பெட்டிய ஸ்டூல் மேல வெச்சாரு, உடனே ஆரம்பிக்கல. அப்பா உதடு காஞ்சு வெடிச்சிருந்துச்சு, பஞ்சைத் தண்ணியில தொட்டு அவரே தொடைச்சு விட்டாரு, நாங்க பத்து நாளா பக்கத்துலயே இருந்தும் அது தோணலையேன்னு எனக்கு நெஞ்சு அடைச்சுக்கிச்சு. அப்புறம் குனிஞ்சு காதுகிட்ட போயி, அண்ணாச்சி, மெஞ்ஞானபுரம் பண்டிகைக்கு சைக்கிள்லயே போவீங்களாமேன்னு கேட்டாரு. அப்பா சிரிச்சாரு, அதான் நாங்க பாத்த கடைசிச் சிரிப்பு. அந்த ஐயர் பீடத்துல பேசுனது ஒண்ணுகூட எனக்கு ஞாபகம் இல்லங்க, உண்மையச் சொல்றேன்.

எதிரணியில அக்கா ஒரு குத்தம் சொன்னாங்க, ஐயருங்க வசதியான வீட்டுக்குத்தான் போறாங்க, ஓட்டு வீட்டுக்கு வர்றதில்லன்னு. சில இடத்துல அது உண்மை, நான் மறுக்கல. ஆனா அக்கா, அந்த வருத்தம் உங்களுக்கு ஏன் வருது? ஐயர் நம்ம படியேறி வரணும்னு நீங்க எதிர்பாத்ததாலதானே? நீங்க எங்க அணிக்குத்தான் பேசியிருக்கீங்க.

அவங்க ஏன் வரமுடியாம போகுதுன்னும் யோசிக்கணும். ஒரு சேகரம்னா ஒரு கோயில் இல்ல, சுத்துப்பட்டு எத்தனை கிளைச்சபை, ஞாயித்துக்கிழமை காலையில இங்க திருவிருந்து, அங்க ஞானஸ்நானம், மத்தியானம் ஒரு சங்கக் கூட்டம், நடுவுல எங்கயாவது ஒரு சாவு. இதுகூட பரவாயில்ல, சபைத் தேர்தல்னு ஒண்ணு வருது பாருங்க, கமிட்டிக்கு ரெண்டு அணி, அண்ணன் தம்பி ரெண்டு பக்கம், ஐயர் ஒரு வீட்டுல காப்பி குடிச்சாருன்னா அவர் அந்த அணின்னு சாயங்காலத்துக்குள்ள வாட்ஸ்அப்ல ஓடுது, அதனால பாதிப் பேரு எந்த வீட்டுக்கும் போகாம குருமனையிலயே, அதான் ஐயர் குடியிருக்குற வீட்டுலயே, இருந்துக்குறாங்க. அப்புறம் கோபுரம் கட்ட வசூல், கிரானைட் தரை, கோர்ட் கேஸு, கணக்கு நோட்டு. இதெல்லாம் பாக்கவா அவர் இறையியல் படிச்சாரு? ஐயரம்மா பாடு தனி, டிரான்ஸ்பர் வந்தா புள்ளைங்கள பாதிப் படிப்புல வேற பள்ளிக்கூடத்துல சேக்கணும். ஐயரை வீட்டுவாசலுக்கு வரவிடாம தடுக்குறது நாமதான், அத நாம ஒத்துக்கணும்.

நம்ம மண்ணுல ஊழியம் எப்படி வளந்துச்சு? கால்டுவெல் ஐயர் 1841ல இடையன்குடிக்கு வந்தாரு, 1856ல வந்த அவரோட திராவிட மொழிகள் ஒப்பிலக்கணப் புத்தகத்தால அவரை உலகத்துக்கே தெரியும், ஆனா இடையன்குடிக்காரங்களுக்கு அவர் தெருவை நேராக்கி கிணறு வெட்டி மரம் வெச்ச ஐயர், அவர் மனைவி எலிசா அம்மா பொம்பளைங்களுக்கு லேஸ் பின்ன கத்துக்கொடுத்தவங்க. 1891ல அவர் கொடைக்கானல்ல இறந்தப்பவும் உடலை இடையன்குடிக்குத்தான் கொண்டு வந்து அடக்கம் பண்ணுனாங்க. வெள்ளாளன்விளையில பொறந்த அசரியா 1912ல ஆங்கிலிக்கன் சபையில முதல் இந்தியப் பேராயர் ஆனாரு, தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்ல பெரிய பதவி, ஆனா மாட்டுவண்டி கட்டிக்கிட்டு கிராமம் கிராமமா போனாரு, தாழ்த்தப்பட்ட மக்களோட குடியிருப்புல போயி உக்காந்தாரு. ஜனங்க இருக்குற இடத்துக்கு இவங்கதான் போனாங்க.

மணி அடிச்சிட்டீங்க நடுவர் ஐயா, ஒரே ஒரு விஷயம். அப்பாவுக்கு உதடு தொடைச்சு விட்ட அந்த ஐயருக்கு அடுத்த வருஷமே டிரான்ஸ்பர் ஆயிடுச்சு. போகும்போது ஒரு லாங் சைஸ் நோட்டை புதுசா வந்த ஐயர் கையில கொடுத்துட்டுப் போனாரு. அதுல வீட்டுக்கு ஒரு பக்கம், யாருக்கு சுகர், எந்தப் புள்ள பிளஸ்டூ, எந்த அண்ணன் தம்பி பேசிக்கிறதில்லன்னு எல்லாம் எழுதியிருக்கு. எங்க வீட்டுப் பக்கத்துல, அம்மா தனியா இருக்காங்க, சாயங்காலம் போகவும்னு இருந்துச்சாம். புது ஐயர் பெட்டி படுக்கை இறக்குன மறுநாள் சாயங்காலம் எங்க வாசல்ல செருப்பைக் கழட்டிக்கிட்டு நின்னாரு, எங்கம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாரு.