பொருளியலுக்குப் பல கண்கள் வேண்டும்

விழாத் தலைவர் அவர்களே, வரவேற்புரை ஆற்றிய துறைத் தலைவர் அவர்களே, முன்வரிசையை அணிசெய்யும் பாடத்திட்டக் குழுத் தலைவர் அவர்களே, எனக்கு முன் செறிவாக உரையாற்றிய பேராசிரியப் பெருமக்களே, நிற்க இடமின்றிச் சுவரோரம் நிற்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். அணிவித்த பொன்னாடைக்கு நன்றி.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். பொருளியலில் முறையியல் சண்டை, அதாவது எப்படி ஆராய்வது என்ற சண்டை, புதிதல்ல என்பது ஒன்று. ஒரே முறையை நம்பினால் என்ன கெடும் என்பது இரண்டு. பன்மை, அதாவது பல முறைகளுக்கும் இடம் தருவது, என்றால் எல்லாக் கருத்தும் சரியாகிவிடுமா என்பது மூன்று.

முதல் செய்தி சுருக்கமாக. 1883இல் ஆஸ்திரியப் பொருளியலாளர் கார்ல் மெங்கர், தனிமனிதத் தேர்விலிருந்து தருக்கவழியில் பொது விதிகளை வருவிக்கலாம் என்றார். வரலாற்றையும் புள்ளிவிவரத்தையும் முதலில் திரட்டுங்கள் என்றார் ஜெர்மன் பொருளியலாளர் ஷ்மோலர். 1953இல் அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் ஃபிரீட்மன், எடுகோள், அதாவது கோட்பாடு தொடக்கத்தில் உண்மை என்று வைத்துக்கொள்வது, மெய்யாக இருக்கத் தேவையில்லை, கணிப்பு பலித்தால் போதும் என்று எழுதினார். அதன்பிறகு எடுகோளைச் சோதிக்கும் பழக்கமே பல வகுப்பறைகளில் அற்றுப்போனது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது! இதை உணர்ந்துதான் 1992இல் 44 பொருளியலாளர்கள் பன்மை வேண்டும் என்று 'அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ' இதழில் அறிக்கை வெளியிட்டார்கள். பொருளியலைக் கணிதமயமாக்கிய சாமுவெல்சனே அதில் கையெழுத்திட்டார் என்பதை மாணவர்கள் மறக்கக் கூடாது. 2000இல் பிரான்சின் பொருளியல் மாணவர்களும் இதையே கேட்டார்கள்.

இரண்டாவது செய்தியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2010இல் ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரு பேராசிரியர்கள், வளர்ந்த நாடுகள் 20ஐ எடுத்து, அரசுக் கடன் நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 விழுக்காடு என்றார்கள். அரசுச் செலவைக் குறைக்கும் சிக்கன நடவடிக்கைக்கு ஆதாரமாக அந்தக் கட்டுரை எங்கெங்கும் மேற்கோளானது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹெர்ன்டன் என்ற ஆய்வு மாணவர், வகுப்புப் பயிற்சிக்காக அதே கணக்கைத் திரும்பப் போட்டார். விடை வரவில்லை. கட்டுரையாசிரியர்களிடம் கேட்டார், எக்செல் கோப்பை அவர்களே அனுப்பிவைத்தார்கள். திறந்து பார்த்தால், 30 முதல் 49 வரையிலான வரிசைகளுக்குச் சராசரி எடுக்க வேண்டிய இடத்தில் 44 வரைதான் இருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஐந்தும் விடுபட்டிருந்தன.

எக்செல் பிழையோடு கதை முடிந்துவிடவில்லை. அது விடையை மாற்றியது சிறிதளவே. பெரிய கோளாறு எடையிடலில், அதாவது சராசரியில் எந்த எண்ணுக்கு எவ்வளவு மதிப்புத் தருவது என்பதில். பிரிட்டன் 90 விழுக்காட்டுக்கு மேல் இருந்த 19 ஆண்டுகளின் சராசரி வளர்ச்சி 2.4 விழுக்காடு. நியூசிலாந்துக்கு 1951 என்ற ஒரே ஆண்டு, மைனஸ் 7.6. இரண்டுக்கும் சம எடை! நியூசிலாந்து சராசரியாக நன்றாக வளர்ந்த 1946–49 ஆண்டுகள் கணக்கிலேயே இல்லை. எல்லாவற்றையும் சரிசெய்து ஹெர்ன்டனும் அவருடைய ஆசிரியர்கள் இருவரும் 2013இல் வெளியிட்ட விடை, பிளஸ் 2.2 விழுக்காடு. மூல ஆசிரியர்கள் எக்செல் பிழையை ஒப்புக்கொண்டார்கள், முடிவை விட்டுக்கொடுக்கவில்லை.

ஒரு பொருளியல் வரலாற்றாசிரியர் உடனிருந்திருந்தால், 1951இல் நியூசிலாந்துத் துறைமுகத் தொழிலாளர் தகராறு 151 நாள் நீடித்ததே, அந்த ஆண்டைக் கடனின் விளைவாக எண்ணலாமா என்று கேட்டிருப்பார். பிரிட்டிஷ் பொருளியலாளர் கெயின்சின் வழிவந்தவர், வளர்ச்சி சரிந்ததால் கடன் விகிதம் ஏறியதா என்று காரணத்தைத் திருப்பிக் கேட்டிருப்பார். இவர்களைக் கேட்காத சராசரி, ஏட்டுச் சுரைக்காய்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். இளநிலைப் பொருளியலில் பொருளியல் சிந்தனை வரலாறும் முறையியலும் கட்டாயத் தாளாக வேண்டும். விருப்பப் பாடமாக ஒதுக்கிவைத்தால் யாரும் எடுக்கமாட்டார்கள். அகமதிப்பீட்டில் பாதி மதிப்பெண், வெளியான ஒரு கட்டுரையின் தரவை வாங்கி மறுகணக்கீடு செய்வதற்கு. மாணவர் மூன்றை எழுதித் தர வேண்டும்: எந்த ஆண்டுகள் விடுபட்டன, எடை எப்படி இடப்பட்டது, வேறொரு சிந்தனைப் பள்ளி இதே எண்ணை எப்படி வாசிக்கும். கணிதத்தைக் குறைக்கச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். ஹெர்ன்டன் பிழையைக் கண்டது கணக்குத் தெரிந்ததால்தான்.

மூன்றாவது செய்திக்கு நேரம் இல்லை. தலைவர் அவர்கள் பொறுத்தருள வேண்டும். பாடத்திட்டக் குழுத் தலைவர் அவர்கள் அவையிலேயே இருக்கிறார்கள். தாளின் வரைவை இப்போதே அவர்கள் கையில் தருகிறேன். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்து வாக்கெடுப்புக்கு விட வேண்டும். வணக்கம்.