4 அங்குல ராக்கெட்டுக்குப் பாராசூட்: தர்மபுரி காத்துக்கு ஏத்த கணக்கு

வணக்கம் மக்களே! 4 அங்குலக் குழாய், 6 அடி நீளம், இறங்கும்போது 3 கிலோ. இந்த சைஸ் ராக்கெட்டுக்கான பாராசூட்தான் இன்னைக்கு. மோட்டாரை இதுல தொடப்போறதில்ல. அது 1884 வெடிபொருள் சட்டத்துக்குக் கீழ வருது. லைசென்ஸ் உள்ள இடம் வழியா மட்டும்தான். வீட்டுல மருந்து கலக்குற வேலையே வேண்டாம்.

செகண்டுக்கு 5 மீட்டர் வேகத்துல இறங்கணும். அதுக்கு மேல போனா ஃபின் (ராக்கெட் அடியில இருக்கிற இறக்கை) வேரோட பேந்துடும். எடை 29.4 நியூட்டன், அதை 2-ஆல பெருக்குங்க. அப்புறம் காத்தோட அடர்த்தி 1.1 (கன மீட்டருக்குக் கிலோ), பாராசூட் காத்தை எவ்வளவு தடுக்குதுன்னு சொல்ற இழுவை எண் 0.75, வேகத்தோட வர்க்கம் 25, இந்த மூணையும் பெருக்கி அதால வகுங்க. 2.85 சதுர மீட்டர் வரும். வட்டமா வெட்டினா விட்டம் 1.9 மீட்டர். நம்ம ஊரு கடல் மட்டத்துல இருந்து 450 மீட்டருக்கு மேல இருக்கு, வெயிலும் ஜாஸ்தி. அதனாலதான் புத்தகத்துல போட்டிருக்கிற 1.225-ஐ எடுக்கல, எடுத்தா துணி சின்னதாப் போயிடும்.

துணி ரிப்ஸ்டாப் நைலான், அதாவது கிழிசல் பரவாத மாதிரி நெஞ்ச நைலான். கயிறு ஒவ்வொண்ணும் 2 மீட்டருக்குக் குறையக் கூடாது, எல்லாம் ஒரே அளவு. ஒண்ணு குட்டையானா குடை சாஞ்சுடும். உச்சியில 19 சென்டிமீட்டர் ஓட்டை விடுங்க. பரப்புல 1 சதவீதம்தான் போகும், ஆட்டம் குறையும்.

அடுத்தது ஷாக் கார்டு, அதாவது மூக்குக் கூம்பையும் குழாயையும் இணைக்கிற கயிறு. இதுல கஞ்சத்தனம் பண்றவங்கதான் அதிகம். ராக்கெட் நீளத்துல 3 முதல் 5 மடங்கு, அதாவது 5.5 முதல் 9 மீட்டர் வேணும். குட்டையா விட்டா மூக்குக் கூம்பு வெடுக்குனு இழுபட்டுத் திரும்பி வந்து குழாயையே அடிக்கும். வேகம் அடங்கறதுக்கு முன்னாடி பாராசூட் விரிஞ்சா கார்டு குழாய் விளிம்பை ஜிப் மாதிரி கிழிச்சுட்டுப் போகும். பலத்த காத்துல இது இன்னும் மோசம். ராக்கெட் காத்துக்கு எதிரா சாஞ்சு பறக்கும், உச்சியிலயும் பக்கவாட்டு வேகம் மிச்சம் இருக்கும்.

நைலானுக்கும் எஜெக்‌ஷன் சூட்டுக்கும் (பாராசூட்டை வெளிய தள்ளுற சின்ன வெடிப்போட சூடு) நடுவுல நோமெக்ஸ்ங்கிற தீ தாங்குற துணி கட்டாயம். இல்லேன்னா மடிப்பு உருகி ஒட்டிக்கும். முகத்துக்குப் போடற டால்கம் பவுடரைத் தூவி, ஏவுற அன்னைக்குக் காலையிலயே மடிங்க. முந்தின நாளே மடிச்சு வெயில்ல நிக்கிற கார்ல வெச்சா மடிப்பு இறுகிடும்.

கூம்பைப் பிடிச்சுத் தூக்கினா குழாய் நழுவக் கூடாது. லேசா உதறினா நகரணும். அட்டைக் குழாயா இருந்தா பனியில ஊறி இறுகிடும், அதனால களத்துல ஒரு தடவை திரும்பப் பாருங்க. லூஸா இருந்தா மாஸ்கிங் டேப் ஒரு சுத்து போதும்.

600 மீட்டர் உயரத்துல பெரிய பாராசூட்டை விரிச்சா இறங்க 120 செகண்டு. காத்து செகண்டுக்கு 4 மீட்டர்னா 480 மீட்டர் தள்ளிட்டுப் போயிடும். உச்சியில குட்டிப் பாராசூட்டை விட்டு செகண்டுக்கு 20 மீட்டர் வேகத்துல 150 மீட்டர் உயரம் வரைக்கும் இறக்கி, அங்க பெரிசை விரிச்சா மொத்தம் சுமார் 52 செகண்டு, 210 மீட்டர்தான் தள்ளும். கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு, ஓசூர்ப் பக்கம் ரோஜா பாலிஹவுஸ்னு இருக்கு. இந்த வித்தியாசம் சின்ன விஷயமில்ல.

அமெரிக்க தேசிய ராக்கெட்ரி சங்கத்து விதிப்படி காத்து மணிக்கு 32 கிலோமீட்டரைத் தாண்டினா ஏவக் கூடாது. ஆடிக் காத்துல ராக்கெட்டை வெளியவே எடுக்காதீங்க. ராகி அறுத்த காடு நல்ல இடம்தான், ஆனா தாள் காஞ்சிருக்கும். ஏவுதளத்தைச் சுத்தி செதுக்கி, தண்ணி ஊத்திடுங்க. கரண்ட் கம்பியில மாட்டிக்கிட்டா குச்சியால தட்டற வேலை வேண்டாம், மின்வாரியத்துக்குப் போன் பண்ணுங்க.