வேடந்தாங்கல் பறவைகள் எங்கே சாப்பிடுகின்றன?

அனைவருக்கும் வணக்கம்.

வேடந்தாங்கல் போய் வந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். “இந்தப் பறவையெல்லாம் சைபீரியாவிலிருந்து முட்டையிட வருது” என்று பிள்ளைகளுக்குச் சொல்லியும் இருப்பீர்கள். அது சரியில்லை. நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டும் நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம் எல்லாம் நம் நாட்டுப் பறவைகள்தான். மழை பெய்து ஏரி நிரம்பினால் வரும், இல்லையென்றால் வேறு ஏரி தேடிப் போகும். வடக்கே குளிருக்குத் தப்பி வரும் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் இங்கே முட்டையிடுவதில்லை. மேய்ந்துவிட்டு, கோடை தொடங்கும்போது கிளம்பிவிடும்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், கூடு கட்டும் பறவைக்கு மரம் மட்டும் போதாது, குஞ்சுக்கு இரை வேண்டும். வேடந்தாங்கல் ஏரி ஏறத்தாழ 74 ஏக்கர்தான். அத்தனை ஆயிரம் வாய்களுக்கும் அந்தச் சின்ன ஏரி எப்படிச் சோறு போடும்? போடாது. அது படுக்கையறை. சமையலறை வெளியே இருக்கிறது, சுற்றுவட்டார ஏரிகளிலும் நெல் வயல்களிலும்.

நத்தைகுத்தி நாரையின் அலகைப் பாருங்கள். மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். குஞ்சுக்கு அது கிடையாது, வளர வளரத்தான் வரும். சேற்றில் துழாவி நத்தையைப் பிடித்து, அலகின் நுனியை ஓட்டுக்குள் நுழைத்து, சதையை மட்டும் உருவி எடுக்கும். பல நேரம் ஓடு உடைவதே இல்லை. வரப்போரம் முழுசாகக் கிடக்கும் காலி நத்தை ஓட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதன் கைவேலை புரியும். அந்த வயலில் நத்தை சாகும்படி மருந்து அடித்தால், சில கிலோமீட்டர் தள்ளி மரத்தில் இருக்கும் குஞ்சு பட்டினி கிடக்கும்.

ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு ரொம்ப நாளாகவே தெரியும். பறவை எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் பாய்கிறது, அதுவே உரம். இங்கே யாரும் சுடக்கூடாது என்று அவர்கள் கேட்டு, 1798-ல் அன்றைய கலெக்டர் லயோனல் பிளேஸ் கையால் கவுல் பட்டயம், அதாவது அரசின் எழுத்து உறுதிமொழி, வாங்கினார்கள். வனச்சட்டம் எதுவும் வருவதற்கு வெகு காலம் முன்பு! 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் வேடந்தாங்கல் சேர்ந்தபோது எல்லோரும் பாராட்டினோம். எனக்கு அந்தப் பழைய கவுல்தான் பெரிதாகத் தெரிகிறது, வயலும் ஏரியும் ஒன்று என்று அறிந்தவர்கள் கேட்டு வாங்கியது அது.

ஆகவே ஏரிக்கரைக்கு வேலி போட்டதோடு பாதுகாப்பு முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பக்கத்து ஏரி ஆக்கிரமிப்பில் சுருங்கினாலும், வரத்துக்கால்வாய் தூர்ந்தாலும், கழிவுநீர் கலந்தாலும், அடி வேடந்தாங்கலில்தான் விழும்.

அடுத்த முறை போகும்போது தை மாதத்தில் போங்கள். பொழுது சாயும்வரை கரையில் இருங்கள். நாரைகள் நான்கு திசையிலிருந்தும் திரும்பும். அப்புறம் இருட்டும் நேரத்தில், பகலெல்லாம் கிளையில் தூங்கிய வக்காக்கள் “குவாக்” என்று குரல் கொடுத்துக்கொண்டு வயல் பக்கம் கிளம்பும். எந்தத் திசையில் போகின்றன என்று கவனியுங்கள்.