குனியாமல் பிடுங்கிய களை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பயங்கரவாதி என்று ஐயுறும் தன் குடிமகனை விசாரணையின்றிக் கொல்ல அரசுக்கு உரிமை இல்லை என்பது எங்கள் அணியின் வாதம்.

எதிரணி நண்பர், "களை பிடுங்குகிறவன் களையிடம் அனுமதி கேட்டுக்கொண்டா நிற்பான்?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கி அமர்ந்தார். கைதட்டல் அவருக்கே இருக்கட்டும். களையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அதற்குமுன் ஒரு வழக்கு. அன்வர் அல் அவ்லாக்கி, 1971இல் நியூ மெக்சிகோவில் பிறந்த அமெரிக்கக் குடிமகன். ஏமனில் மறைந்திருந்து அல் கொய்தாவுக்காகப் பேசியவர். அவர் நல்லவர் என்று வாதாட நான் வரவில்லை. அமெரிக்க அரசு வைத்திருந்த, கொல்லப்பட வேண்டியோர் பட்டியலில் அவர் பெயர் இருப்பதாகச் செய்தி வந்ததும், 2010இல் அவருடைய தந்தை வாஷிங்டன் நீதிமன்றத்தை நாடினார். மகனுக்காகத் தந்தை வழக்காட இயலாது என்று தள்ளுபடி செய்த நீதிபதி, மகன் அமைதியாக அமெரிக்கத் தூதரகத்துக்கு வருவதற்குத் தடையேதும் இல்லையே என்றும் எழுதினார். நடுவர் அவர்களே, அந்தக் காட்சியைச் சற்றே எண்ணிப் பாருங்கள். வாசலில் காவலர் பெயரைக் கேட்டுப் பட்டியலைப் புரட்டுகிறார். "ஐயா, உங்கள் பெயர் இருக்கிறது, ஆனால் இது பார்வையாளர் பட்டியல் அல்ல." "என்மீது என்ன குற்றச்சாட்டு?" "அது ரகசியம்." "விசாரித்தவர் யார்?" "அதுவும் ரகசியம்." "தீர்ப்பு?" "அது மட்டும் மேலே பறந்துகொண்டிருக்கிறது!"

2011 செப்டம்பர் 30 அன்று, ட்ரோன் என்னும் ஆளில்லா விமானத்தின் தாக்குதலாக அது கீழே இறங்கியது. அவ்லாக்கி மாண்டார்.

இப்போது களைக்கு வருகிறேன். களை பிடுங்குகிறவன் முதலில் குனிகிறான். களையா பயிரா என்று கையால் விலக்கிப் பார்த்த பிறகே வேரைப் பிடிக்கிறான். ட்ரோன் குனிவதில்லை. 2009க்குப் பிறகு இத்தகைய தாக்குதல்களில் மாண்ட அமெரிக்கக் குடிமக்கள் நால்வர், அவர்களில் குறிவைக்கப்பட்டவர் ஒருவரே என்று 2013 மே மாதம் அந்நாட்டின் அரசுத் தலைமை வழக்கறிஞரே நாடாளுமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். நண்பரே, ஒன்றைப் பிடுங்கப் போய் நான்கோடு கரையேறுகிறவரை எந்த உழவர் மறுநாள் வயலில் இறங்க விடுவார்?

குறிவைக்கப்படாத மூவரில் ஒருவன் அவ்லாக்கியின் மகன் அப்துல்ரஹ்மான். டென்வரில் பிறந்தவன், வயது 16. அப்பாவைத் தேடிப் போகிறேன், மன்னித்துவிடுங்கள் என்று அம்மாவுக்கு எழுதி வைத்துவிட்டு, சமையலறைச் சன்னல் வழியாக இறங்கிப் போனவன். அப்பா இறந்த இரண்டே வாரத்தில், திறந்தவெளி உணவகம் ஒன்றில் அவனும் கொல்லப்பட்டான். மகனுக்காகப் போன அதே முதியவர் பேரனுக்காகவும் நீதிமன்றப் படியேறினார். முதல்முறை, மகனே வரலாமே என்றார்கள். இம்முறை வருவதற்கு எவரும் மிஞ்சியிருக்கவில்லை. அந்த வழக்கும் 2014இல் தள்ளுபடியாயிற்று. வணக்கம்.