மாகாணி அங்குலம்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் ஓரடி ஸ்கேல் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

ரோடு பைக் என்கிற வேக சைக்கிள் ஓட்டுகிற பலர் செயினில் சத்தம் வந்தால் எண்ணெயை ஊற்றிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஊற்றுவது தப்பில்லை. துடைக்காமல் விடுவதுதான் தப்பு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், ஓரமெல்லாம் பொடிமணல். எண்ணெய் வழிகிற செயினில் அது ஒட்டிக்கொண்டால், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரிதான். எண்ணெய் வேண்டியது செயினுக்குள்ளே, வெளியே இல்லை. செயின் கண்ணியில் இருக்கிற உருளைக்கு ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். கொஞ்ச நேரம் ஊறட்டும். அப்புறம் பழைய பனியன் துணியால் செயினை இறுகப் பிடித்துக்கொண்டு மறுபடி சுற்றுங்கள். வெளியே தொட்டால் விரலில் பிசுபிசுக்கக் கூடாது.

ஒருமுறை கொல்லிமலை ஏறினேன். 70 கொண்டை ஊசி வளைவுகள். முந்தின வாரம்தான் புதுச் செயின் போட்டிருந்தேன். “கேசட் இன்னும் ஓடும்” என்று பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கைப் பற்றிக் கடையில் சொன்னதை நம்பிவிட்டேன். சமதரையில் மெதுவாக ஓட்டியவரை ஒரு குறையும் தெரியவில்லை. மலையில் ஒரு வளைவு தாண்டியதும் ஏற்றம் சற்றுக் குறைந்தது. கியரைக் கூட்டி, எழுந்து நின்று மிதித்தேன். டக்கென்று செயின் பல் தாண்டியது. முழங்கால் ஹேண்டில்பாரில் போய் இடித்தது. வண்டியை ஓரங்கட்டிக் குனிந்து பார்த்தால், நான் எப்போதும் ஓட்டுகிற இரண்டு பல்சக்கரங்களில் மட்டும் பற்கள் ஒருபக்கமாகத் தேய்ந்து, அரிவாள் நுனி மாதிரி வளைந்திருந்தன.

செயின் உள்ளே தேயத் தேய நீளும். அந்த நீளத்துக்குத் தகுந்தபடி பற்களையும் தேய்த்துவிடும். இரண்டும் சேர்ந்தே தேய்வதால் நமக்குத் தெரியாது. புதுச் செயின் வந்ததும்தான் குட்டு வெளிப்படும்.

சரி, இப்போது ஸ்கேலை எடுங்கள். செயின் கண்ணிகளைக் கோக்கிற ஊசிதான் பின் (pin). ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே அரை அங்குலம். பூஜ்யத்தை ஒரு பின்னின் நடுவில் வைத்தால், 12 அங்குலக் கோடு இன்னொரு பின்னின் நடுவில் விழ வேண்டும். அந்தப் பின் 1/16 அங்குலம், அதாவது நம் பாட்டன் கணக்கில் மாகாணி, தள்ளிப் போயிருந்தால் செயினை மாற்றுங்கள். அரைக்கால், அதாவது 1/8 அங்குலம், தள்ளியிருந்தால் கேசட்டும் அநேகமாகப் போயிருக்கும். மறுபடி சொல்கிறேன், மாகாணியிலேயே மாற்றிவிடுங்கள்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். கியர் பற்றி நிறையப் பேச நினைத்திருந்தேன், ஒன்று மட்டும் சொல்கிறேன். கேபிளால் மாறுகிற கியர் சரியாக விழவில்லையென்றால், செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் தள்ளுகிற பின்பக்க டீரெய்லரில் ஹெச், எல் என்று போட்ட ஸ்க்ரூக்களைத் தொடாதீர்கள். கேபிள் அந்த டீரெய்லருக்குள் நுழைகிற இடத்தில் விரலால் திருகுகிற ஒரு திருகு இருக்கும். செயின் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால், வண்டியின் பின்னாலிருந்து பார்த்தபடி அதை இடப்பக்கமாகக் கால் சுற்று திருகுங்கள். இறங்கத் தயங்கினால் வலப்பக்கம். ஒவ்வொரு கால் சுற்றுக்கும் பெடலைச் சுற்றிப் பார்த்துவிட்டு அடுத்ததைத் திருகுங்கள். வணக்கம்.