பொடியில் தங்கும் வெளிச்சம்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் ஓவியக் கல்லூரியில் படித்தவள் அல்ல. திருச்சியில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பிறகு சாஃப்ட் பேஸ்டலில் வரையக் கற்றுக்கொண்டேன், இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன். அந்த அனுபவத்தைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

பேஸ்டல் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பிள்ளைகளின் பள்ளிப் பையில் கிடக்கும் ஆயில் பேஸ்டல் டப்பா. அது மெழுகும் எண்ணெயும் சேர்த்துச் செய்தது. கையில் பிசுபிசுக்கும், தாளில் வழுக்கிக்கொண்டு போகும். நான் சொல்கிற சாஃப்ட் பேஸ்டல் வேறு. நிறமிப் பொடி, அதோடு கொஞ்சம் சுண்ணாம்புத் தூளோ வெள்ளைக் களிமண்ணோ, எல்லாவற்றையும் பிடித்து வைக்கச் சிறிதளவு கோந்து. தண்ணீர் விட்டுப் பிசைந்து, உருட்டிக் காயவைத்தால் குச்சி தயார். கோந்து குறைவு என்பதால் லேசாக இழுத்தாலே வண்ணம் தாளில் உதிர்ந்து ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் இல்லாததால், எண்ணெய் ஓவியங்களைப் போல நாளாக ஆக மஞ்சளிப்பதோ வெடிப்பு விடுவதோ கிடையாது.

ஆனால் பேஸ்டலின் உயிர் எங்கே இருக்கிறது என்று கேட்டால், அந்தத் துகள்களுக்கு நடுவில் இருக்கிற காற்றில் என்றுதான் சொல்வேன். தாளின் சொரசொரப்பில் நிறமித் துகள்கள் உதிரி உதிரியாக உட்கார்ந்திருக்கின்றன. வெளிச்சம் அவற்றின் மேல் பட்டு, இடைவெளிகளில் புகுந்து, நாலா பக்கமும் சிதறி நம் கண்ணுக்கு வருகிறது. பேஸ்டல் படம் வெல்வெட் மாதிரி ஒளிர்வது அதனால்தான். புட்டுக்கு மாவு பிசிறும்போது உதிரியாக இருந்தால்தான் ஆவி உள்ளே போகும், அழுத்திப் பிடித்தால் கட்டியாகிவிடும் இல்லையா? பேஸ்டலும் அப்படித்தான். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்த பிறகு, எந்தத் தாள் வாங்குவது, எப்படிக் கோடு இழுப்பது, எப்படிச் சட்டம் போடுவது என்று மற்ற எல்லாவற்றுக்கும் எனக்கு வழி தெரிந்தது.

புதிதாக ஆரம்பிக்கிற யாருக்குமே கை தானாகப் போவது விரலால் தேய்க்கத்தான். தேய்த்தால் வழவழப்பாக வரும், பார்க்க நேர்த்தியாகத் தெரியும். ஆனால் துகள்கள் தாளின் பள்ளங்களுக்குள் நசுங்கி, இடையில் இருந்த காற்று போய்விடும். வண்ணம் மங்கிவிடும். வானம் மாதிரி பெரிய பரப்பில் அடி வண்ணத்தைத் தேய்த்துக்கொள்வதில் தப்பில்லை. மேலே வருகிற கோடுகளை மட்டும் தொடவே கூடாது. கோடு சரியாக விழவில்லை என்று தோன்றினால், அதைத் தேய்ப்பதைவிட அதன் மேல் இன்னொரு கோடு போடுவது நல்லது. இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி.

தாளுக்கு வருவோம். சாதாரண வழுவழுத் தாளில் பேஸ்டல் நிற்காது. பிடித்துக்கொள்ள ஒரு சொரசொரப்பு வேண்டும். கான்சன் நிறுவனத்தின் மி-தேந்த் என்கிற தாள் நம் ஊர்களிலும் கிடைக்கிறது. அதில் ஒரு பக்கம் தேன்கூடு மாதிரி அச்சு தெரியும், மறுபக்கம் கொஞ்சம் நைசாக இருக்கும். முகம் வரைகிறவர்கள் பெரும்பாலும் நைஸ் பக்கத்தைத்தான் எடுப்பார்கள். உப்புத்தாள் போன்ற சொரசொரப்புள்ள தாளும் இருக்கிறது, விலை அதிகம், ஆனால் பல அடுக்கு வண்ணத்தைத் தாங்கும். வெள்ளைத் தாளை நான் எடுப்பதில்லை. கோடுகளுக்கு நடுவே வெள்ளை பளீரென்று தெரிந்து, எது வெளிச்சம் எது நிழல் என்ற கணக்கையே குழப்பிவிடும். சாம்பலோ பழுப்போ இருந்தால் அதுவே நடு டோனாகிவிடும், அதாவது இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடைப்பட்ட நிறம். அதற்கு மேலே வெளிச்சத்தையும் கீழே இருட்டையும் சேர்த்தால் போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது காவிரி மணல். கோடையில் தண்ணீர் வற்றி ஆறு மணலாகக் கிடக்கிறபோது, சாயங்காலம் பாலத்தில் நின்று பார்த்தால் அது மஞ்சளே இல்லை என்பது தெரியும். மேடுகளில் வெளிர் ரோஜா, பள்ளங்களில் ஊதாவும் நீலமும். கண்ணைச் சுருக்கிப் பார்க்கச் சொல்லுவார்கள் ஓவியர்கள். அப்படிப் பார்த்தால் விவரங்கள் மறைந்து, இருட்டும் வெளிச்சமும் பெரிய பெரிய திட்டுகளாகத் தெரியும். அந்த அளவு சரியாக வந்துவிட்டால் வண்ணத்தில் எவ்வளவு உரிமை எடுத்துக்கொண்டாலும் படம் நிற்கும். அது தவறிவிட்டால் எத்தனை விலை உயர்ந்த குச்சி வாங்கினாலும் பயன் இல்லை.

வாட்டர் கலர் மாதிரி தட்டில் குழைத்து வண்ணம் எடுக்கிற வேலை இதில் இல்லை. கலப்பதெல்லாம் தாளின் மேலேதான். தென்னை ஓலையை எடுத்துக்கொள்ளுங்கள். டப்பாவில் இருக்கிற பச்சையை அப்படியே போட்டால் பிளாஸ்டிக் ஓலை மாதிரி ஆகிவிடும். நான் முதலில் செம்மண் நிறமும் கருநீலமும் போட்டு, அதன் மேல் பச்சையை இழுத்து, வெயில் படுகிற நுனிகளில் மட்டும் மஞ்சள் வைக்கிறேன். அடியில் இருக்கிற சிவப்பு ஆங்காங்கே எட்டிப் பார்க்கும்போதுதான் பச்சைக்கு உயிர் வருகிறது. கெட்டியான குச்சிகள் முதலில், மிருதுவானவை கடைசியில். இருட்டு முதலில், வெளிச்சம் கடைசியில். இந்த வரிசை மாறினால் தாளின் பள்ளமெல்லாம் நிரம்பி, மேலே போடுவது வழுக்க ஆரம்பிக்கும். அப்போது ஒரு முரட்டு பிரஷ்ஷால் பொடியைத் தட்டிவிட்டு மறுபடி தொடங்கலாம்.

பிரான்சில் ஷார்தேன் என்று ஓர் ஓவியர் இருந்தார், 1699இல் பிறந்தவர். வாழ்நாள் முழுக்க எண்ணெய் வண்ணத்தில் சமையலறைப் பாத்திரங்களையும் பழங்களையும் வரைந்து பெயர் பெற்றவர். எழுபது வயதை ஒட்டிக் கண் கெட்டுப்போய், எண்ணெய் வண்ணத்தில் வேலை செய்ய முடியாமல் பேஸ்டலுக்கு வந்தார். 1771இல் மூக்குக் கண்ணாடியோடு தன்னையே வரைந்தார். 1775இல் கண்ணுக்கு நிழல் தரும் மறைப்பு கட்டிய கோலத்தில் இன்னொன்று. இரண்டும் பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பெரிய அளவு அச்சில் பார்த்தால், கன்னத்தில் நீலமும் பச்சையும் சிவப்பும் தனித்தனிக் கோடுகளாகத் தெரியும். தேய்த்து மறைக்கவில்லை அவர். நூறாண்டு கழித்து தெகா என்ற இன்னொரு பிரெஞ்சு ஓவியரும் கண் பார்வை மங்க மங்க பேஸ்டலையே அதிகம் நாடினார். பிரஷ் இல்லை, காயக் காத்திருக்க வேண்டியதில்லை, வண்ணமே விரலுக்குள் இருக்கிறது. பார்வை குறைந்த கைகளுக்கு அது எத்தனை பெரிய துணையாக இருந்திருக்கும்! இந்த வயதில் தொடங்கிய எனக்கு ஷார்தேனின் அந்த இரண்டு படங்களும் கொடுத்த தைரியம் கொஞ்சமல்ல. நம் நாட்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வங்காள ஓவியர் அபனீந்திரநாத் தாகூர், கல்கத்தாவில் இருந்த கிலார்டி என்ற இத்தாலிய ஓவியரிடம் பேஸ்டல் பழகியிருக்கிறார்.

சரி, வீட்டில் வைத்துச் செய்வதில் சில நடைமுறைகள். முதலில் மின்விசிறியை நிறுத்த வேண்டும். திருச்சி வெயிலில் அது கஷ்டம்தான், ஆனாலும் வேறு வழியில்லை. பலகையைச் செங்குத்தாக நிறுத்தினால் பொடி கீழே விழும். அடியில் ஒரு தாளை மடித்து வைத்துப் பிடித்துக்கொள்ளலாம். வாயால் ஊதவே கூடாது. சில நிறமிகளில் காட்மியம் போன்ற உலோகங்கள் உண்டு, மூச்சில் போனால் கெடுதல். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், தரையை ஈரத்துணியால் துடையுங்கள், கையைக் கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள். குச்சிகள் ஒன்றோடொன்று உரசி அழுக்கானால், ஒரு டப்பாவில் அரிசியோ ரவையோ போட்டு அவற்றைச் சேர்த்துக் குலுக்கினால் பளிச்சென்று ஆகிவிடும். அந்த அரிசி அப்புறம் சமையலுக்கு ஆகாது, தனியாக வைத்துவிடுங்கள். கீழே விழுந்த பொடியையும் நான் வீணாக்குவதில்லை. சேர்த்து வைத்து, சில சொட்டுத் தண்ணீர் விட்டு உருட்டிக் காயவைத்தால் புதுக் குச்சி கிடைக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமான சாம்பல் நிறம். எந்தக் கடையிலும் கிடைக்காத நிறங்கள் அவை, மழைமேகத்துக்கு அவற்றைவிடப் பொருத்தமானது என்னிடம் இல்லை.

படம் முடிந்ததும் ஃபிக்ஸட்டிவ், அதாவது பொடி உதிராமல் பிடித்து வைக்கிற ஸ்ப்ரே, அடிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். அது துகள்களுக்கு இடையே இருக்கிற காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வண்ணம் ஒரு படி கறுக்கும், வெளிச்சப் புள்ளிகள் மங்கிப்போகும். தெகா அதை நடு நடுவே, ஓர் அடுக்கு முடித்து அடுத்த அடுக்கு தொடங்குவதற்காகப் பயன்படுத்தினார். அது நல்ல முறை. கடைசி அடுக்கின் மேல் நான் அடிப்பதில்லை. கண்ணாடி போட்டுச் சட்டம் செய்வதே பாதுகாப்பு. ஆனால் கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது, இடையில் தடிமனான மவுண்ட் அட்டை வேண்டும். அக்ரிலிக் ஷீட் வேண்டாம், அதில் உண்டாகும் நிலைமின்சாரம் பொடியை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் ஈரம் ஏறுகிற சுவரில் மாட்டினால் பூஞ்சை பிடிக்கும், உள்சுவரில் மாட்டுங்கள். மாட்டும்வரை மேலே ஒரு பட்டர் பேப்பர் வைத்துத் தட்டையாக வைத்திருந்தால் போதும்.

ஆரம்பிக்க விரும்புகிறவர்கள் பெரிய செட் எதுவும் வாங்க வேண்டாம். பாதி நீளக் குச்சிகள் கொண்ட சின்னப் பெட்டி ஒன்று, சாம்பல் நிறத் தாள் இரண்டு. ஜன்னல் ஓரத்தில் ஒரு கத்தரிக்காயை வையுங்கள். கறுப்பை எடுக்காமல், கருநீலமும் அரக்குச் சிவப்பும் வைத்து அதன் இருட்டைக் கட்டுங்கள். ஜன்னல் வெளிச்சம் அதன் தோலில் விழுகிற அந்தச் சின்ன வெள்ளையை எல்லாம் முடிந்த பிறகு, ஒரே அழுத்தில் வைத்துக் கையை எடுத்துவிடுங்கள்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்துக்கு நன்றி. வணக்கம்.